பென்சில் கோடும் வோல்டேஜ் சரிவும்: மதர்போர்டு வி-ட்ரூப் மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது பெரும்பாலும் 2006 முதல் 2008 வரை வந்த, இன்டெல்லின் எல்ஜிஏ775 சாக்கெட் கொண்ட போர்டுகள். கோர் 2 டுவோவும் கோர் 2 குவாடும் கோலோச்சிய காலம். அசுஸ் பி5பி டீலக்ஸ், ஜிகாபைட் பி35-டிஎஸ்3எல், ஆபிட் ஐபி35 ப்ரோ போன்ற போர்டுகளில் ஒரு குட்டி ரெசிஸ்டரின் முதுகில் பென்சிலைத் தேய்த்து, லோடில் (பிராசசர் கடுமையாக வேலை செய்யும்போது) விழும் வோல்டேஜைத் தூக்கி நிறுத்துவார்கள். பழைய போர்டை இன்னும் வைத்து விளையாடுகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. புதிய போர்டின் பயோஸில் ‘லோடு லைன் காலிப்ரேஷன்’ என்று ஒன்று கிடக்கிறதே, அது என்ன என்று யோசிக்கிறவர்களுக்கும் பயன்படும்.

வி-ட்ரூப் என்றால் என்ன?

கணினி சும்மா இருக்கும்போது பிராசசருக்குக் கிடைக்கும் வோல்டேஜுக்கும், எல்லாக் கோர்களும் முழு மூச்சில் ஓடும்போது கிடைக்கும் வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசம். கோர் 2 குவாட் க்யூ6600 ஒன்றை 400 பெருக்கல் 9, அதாவது 3.6 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். சும்மா இருக்கையில் 1.40 வோல்ட் காட்டுகிறது. பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டதும் 1.32-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. இந்த 80 மில்லிவோல்ட்தான் வி-ட்ரூப்.

பயோஸில் 1.45 வைத்தேன். விண்டோஸில் சும்மா இருக்கும்போதே 1.40தான் காட்டுகிறது. இதுவும் வி-ட்ரூப்தானா?

இல்லை, இதை வி-ஆஃப்செட் என்பார்கள். நீங்கள் கேட்ட அளவை வோல்டேஜ் ஒரு கணம்கூடத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக, போர்டு ஆரம்பத்திலேயே கொஞ்சம் கழித்துக்கொண்டு கொடுக்கிறது. சும்மா இருக்கும் பிராசசரும் சில ஆம்பியர்கள் இழுப்பதால் வரும் சரிவும் இதில் கலந்திருக்கும்.

இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் மாற்றம் குறைப்பது வி-ட்ரூப்பை. ஆஃப்செட் அநேகமாக அப்படியே இருக்கும். அப்புறம், அளக்கும் முன் பயோஸில் ஸ்பீட்ஸ்டெப், சி1இ என்ற மின்சேமிப்பு வசதிகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் சும்மா இருக்கும்போது பெருக்கி (மேலே சொன்ன 400 பெருக்கல் 9-இல் உள்ள 9) 6-க்கு இறங்கும், சில போர்டுகளில் வோல்டேஜும் கூடவே இறங்கும். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் எதுவும் பொருந்தி வராது.

இது போர்டில் உள்ள குறைதானே? மலிவான பாகம் போட்டதால் வருவதுதானே?

பலரும் நினைப்பது இதுதான், ஆனால் சரியில்லை. வி-ட்ரூப் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியில் காயில்களும் கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. பிராசசர் திடீரென்று 20 ஆம்பியரிலிருந்து 80 ஆம்பியருக்குத் தாவினால், காயில் வழியாக அவ்வளவு கரண்ட் உடனே வந்து சேராது. அந்த இடைவெளியில் கெப்பாசிட்டர்கள் கையிருப்பைக் கொடுக்கின்றன, வோல்டேஜ் குழி விழுகிறது. வேலை சட்டென்று நின்றால் இதற்கு நேர்மாறு. காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லை; கெப்பாசிட்டருக்குள் பாய்கிறது, வோல்டேஜ் மேலே குத்துகிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். குழியும் குத்தும் தலா 60 மில்லிவோல்ட் என்று கொள்ளுங்கள். எந்த லோடிலும் நேர்கோடாக 1.40 நிற்க வேண்டும் என்று போர்டை வடிவமைத்தால், லோடு ஏறும்போது 1.34-க்கு விழுந்து எழும், லோடு இறங்கும்போது 1.46-க்குத் தாவி இறங்கும். மொத்த ஆட்டம் 120 மில்லிவோல்ட். அதற்குப் பதிலாக, சும்மா இருக்கையில் 1.40, முழு லோடில் 1.34 என்று வைத்தால்? லோடு ஏறும்போது 1.34-க்கு விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. இறங்கும்போது 1.40-க்கு ஏறி அங்கேயே தங்கிவிடுகிறது. ஆட்டம் பாதியாகிவிட்டது, உச்சமும் 1.40-ஐத் தாண்டவில்லை. வேகப்பந்துக்குப் பின்னால் தள்ளியும் சுழலுக்கு ஸ்டம்பை ஒட்டியும் விக்கெட் கீப்பர் முன்கூட்டியே போய் நிற்கிறாரே, அந்த மாதிரி ஏற்பாடு.

இன்டெல் இதற்குச் சரிவுக்கோடு ஒன்றை வகுத்திருந்தது. லோடு லைன் என்பது அதுதான். இன்டெல்லின் விஆர்டி 11 விதிமுறைப்படி வந்த போர்டுகளில் இதன் அளவு 1 மில்லி ஓம் சுமார். அதாவது ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு மில்லிவோல்ட் இறங்க வேண்டும். கேட்ட வோல்டேஜுக்கு மேலே குத்தலாம், ஆனால் 50 மில்லிவோல்டைத் தாண்டக் கூடாது, அதுவும் 25 மைக்ரோ விநாடிக்குள் அடங்கிவிட வேண்டும் என்றும் விதி இருந்தது. சரிவுக்கோடு இல்லாமல் இந்த விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னும் நிறைய கெப்பாசிட்டர் போட வேண்டியிருக்கும்.

அப்படி என்றால் இதை மாற்றவே கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. விதியை வகுத்தவர்கள் பிராசசர் தன் இயல்பான வேகத்தில் ஓடும் என்று எண்ணினார்கள். க்யூ6600-இன் ஜி0 பதிப்புக்கு 95 வாட் என்பது கணக்கு. அதையே 3.6 கிகாஹெர்ட்ஸில், 1.40 வோல்ட் கொடுத்து ஓட்டினால் மின்செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கரண்ட் கூடினால் சரிவும் அதே விகிதத்தில் கூடும். 100 ஆம்பியர் இழுத்தால் 100 மில்லிவோல்ட் போய்விடும்.

ஓவர்க்ளாக், அதாவது இப்படி இயல்பைவிட அதிக வேகத்தில் ஓட்டுவது, நிலையாக நிற்குமா என்பது லோடில் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. லோடில் 1.36 வேண்டும் என்றால் பயோஸில் 1.50 வரை ஏற்ற வேண்டி வருகிறது. சில போர்டுகளில் அவ்வளவு ஏற்ற பயோஸ் இடம் கொடுக்காது. சரிவைக் கொஞ்சம் குறைத்தால் பயோஸ் எண்ணையும் இறக்கிக்கொள்ளலாம். இது நியாயமான காரணம். ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் வரைபடத்தில் கோடு ஆடாமல் நேராகப் போக வேண்டும் என்பதற்காகச் செய்கிறவர்களும் உண்டு. அது படம் எடுத்துப் போட்டுக்கொள்ளத்தான் உதவும்.

பென்சிலை எடுக்கும் முன் வேறு வழி எதுவும் இருக்கிறதா?

முதலில் பயோஸைப் பாருங்கள். 2007 வாக்கில் தயாரிப்பாளர்களே இந்த வசதியைத் தர ஆரம்பித்தார்கள். அசுஸ் பி5கே வரிசையில் ‘சிபியு வோல்டேஜ் டேம்பர்’ என்று இருக்கும். பிந்தைய அசுஸ் போர்டுகளில் அதுவே ‘லோடு லைன் காலிப்ரேஷன்’ ஆனது. டிஎஃப்ஐ லேன்பார்ட்டியில் ‘விட்ரூப் கன்ட்ரோல்’. இவை இருந்தால் பென்சிலுக்கு வேலை இல்லை. இரண்டும் தொடுவது ஒரே சரிவுக்கோட்டைத்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தால் லோடு ஏறும்போது வோல்டேஜும் ஏறும் விபரீதம் நடக்கலாம்.

நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போட்டால் சரியாகுமா?

ஆகாது. 12 வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் விஆர்எம் அதைச் சமாளித்துக்கொள்ளும். நல்ல எஸ்எம்பிஎஸ் வேறு பல காரணங்களுக்காக வேண்டும், இதற்காக அல்ல.

சரிவை எப்படி அளப்பது? சிபியு-இசட் மென்பொருள் காட்டும் எண் போதாதா?

ஆரம்பத் தோராயத்துக்குப் போதும். அந்த எண் போர்டில் உள்ள கண்காணிப்பு சில்லிலிருந்து வருகிறது, அது படிப்படியாகத்தான் தாவும். ஐடிஇ நிறுவனத்தின் ஐடி8718 போன்ற சில்லுகளில் ஒரு படி 16 மில்லிவோல்ட். 1.280-க்கு அடுத்து 1.296, நடுவில் எதுவும் கிடையாது. பென்சில் தேய்ப்பின் ஆரம்ப விளைவு இந்தப் படிக்குள்ளேயே மறைந்துபோகும்.

மல்டிமீட்டர் வேண்டும். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற 830 வகை மீட்டரே போதும். 2000 மில்லிவோல்ட் அளவில் வைத்தால் ஒவ்வொரு மில்லிவோல்டாகக் காட்டும். மொத்த எண் சற்று முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: உள்ளே பேட்டரி சோர்ந்திருந்தால் இந்த மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 1.40 இருக்க வேண்டிய இடத்தில் 1.55 என்று கண்டு பதறுவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

எங்கே வைப்பது? கறுப்பு முனையை எஸ்எம்பிஎஸ்ஸின் ஏதாவது ஒரு கறுப்பு ஒயர் போகும் துளையில் செருகுங்கள். சிவப்பு முனைக்கு, பிராசசர் சாக்கெட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் காயில்களைத் தேடுங்கள். அவற்றின் சாக்கெட் பக்கக் கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. கரண்ட் இல்லாதபோது மீட்டரின் பீப் ஒலியை வைத்து இதை உறுதி செய்துகொள்ளலாம். 12 வோல்ட் பிளக்கின் அருகே தனியாக ஒரு காயில் நிற்கும், அது உள்வரும் பக்கம், அதைத் தொடாதீர்கள்.

மீட்டர் முனை வழுக்கி இரண்டு புள்ளிகளைச் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் முனையின் நுனி மட்டும் தெரியும்படி இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சால்டரிங் பழக்கம் இருந்தால், போர்டின் பின்புறம் அந்தக் கால் ஒன்றில் மெல்லிய ஒயர் ஒன்றைப் பற்றவைத்து கேபினெட்டுக்கு வெளியே கொண்டு வந்துவிடுவது மேல். பிரைம்95 ஓடும்போது கையை உள்ளே விட வேண்டியதில்லை.

பென்சில் கோடு எப்படி வோல்டேஜை மாற்றுகிறது?

பென்சில் கருவில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், சுமாராக. ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளையும் தொடும்படி கோடு போட்டால், அதற்குப் பக்கத்தில் இன்னொரு ரெசிஸ்டர் இணையாக வைத்த மாதிரி. இணையாக வைத்தால் மொத்த மின்தடை குறையும், ஒருபோதும் அதிகரிக்காது. 1,000 ஓம் ரெசிஸ்டர் மேல் 10,000 ஓம் கோடு போட்டால் கிடைப்பது 909 ஓம். இன்னும் அழுத்தித் தேய்த்து கோட்டை 1,000 ஓமாக்கினால் மொத்தம் 500.

பென்சில் வித்தை இதற்கு முன்பே வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் ஏஎம்டியின் சாக்கெட் ஏ அத்லான், டியுரான் பிராசசர்களின் மேல்புறத்தில் எல்1 என்று குறித்த செம்புப் புள்ளிகளைப் பென்சிலால் இணைத்துப் பெருக்கியின் பூட்டைத் திறந்தார்கள். அங்கே வேலை எளிது, இணைந்தால் போதும். இங்கே எவ்வளவு இணைகிறது என்பதுதான் விஷயமே.

எந்த ரெசிஸ்டர் மீது தேய்க்க வேண்டும்?

கவனமாகப் படிக்க வேண்டிய கேள்வி இது. போர்டுக்குப் போர்டு இடம் மாறும். ஒரே போர்டின் அடுத்த பதிப்பில்கூட மாறலாம். யாரோ வட்டம் போட்டுக் காட்டிய படத்தை மட்டும் நம்பித் தேய்க்காதீர்கள். முதலில் விஆர்எம்மின் கட்டுப்பாட்டுச் சில்லு எது என்று பாருங்கள். சாக்கெட்டின் அருகே, நாலு பக்கமும் கால்கள் உள்ள சதுரச் சில்லு, அல்லது இரு பக்கமும் கால்கள் உள்ள நீளச் சில்லு. டார்ச் அடித்துப் பார்த்தால் எண் தெரியும். அந்த எண்ணுக்கான டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு) இறக்கிக்கொள்ளுங்கள். அக்காலத்தில் பரவலாக இருந்தவற்றில் இரண்டு குடும்பங்களைச் சொல்கிறேன்.

முதலாவது இன்டர்சில். ஐஎஸ்எல்6326, ஐஎஸ்எல்6327 போன்ற சில்லுகளில் ‘ஐட்ரூப்’ என்று ஒரு கால் உண்டு. பிராசசர் இழுக்கும் கரண்டுக்கு விகிதமான ஒரு மிகச் சிறிய கரண்ட் அதிலிருந்து வரும். சரிவுக்கோடு வேண்டும் என்றால் அந்தக் காலை ‘எஃப்பி’ என்ற காலோடு இணைப்பார்கள். எஃப்பிக்கும் ‘விடிஃப்’ காலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அந்தச் சிறிய கரண்ட் இதன் வழியாக ஓடும்போது உண்டாகும் வோல்டேஜ் எவ்வளவோ, அவ்வளவு பிராசசர் வோல்டேஜில் கழியும். நமக்கு வேண்டிய ரெசிஸ்டர் இதுதான். இதன் மதிப்பைப் பாதியாக்கினால் சரிவும் பாதியாகும், கணக்கு அவ்வளவு நேரடியானது. ஆனால் இதே ரெசிஸ்டர்தான் கட்டுப்பாட்டுச் சுற்றின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. ரொம்பக் குறைத்தால் சுற்று அளவுக்கு மீறித் துடிப்பாகி, ஒவ்வொரு லோடு மாற்றத்துக்கும் வோல்டேஜ் அலைபாய ஆரம்பிக்கும்.

இரண்டாவது அனலாக் டிவைசஸ். ஏடிபி3180, ஏடிபி3188 வகை. இங்கே ‘சிஎஸ்சம்’, ‘சிஎஸ்காம்ப்’ என்ற இரு கால்களுக்கு நடுவே உள்ள ரெசிஸ்டர்கள் கரண்டை அளக்கும் ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தை நிர்ணயிக்கின்றன. அவற்றைக் குறைத்தால் சரிவு குறையும். ஆனால் இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு. அதிகக் கரண்ட் போனால் அணைத்துவிடும் பாதுகாப்பும் இதே அளவையே நம்பியிருக்கிறது. நீங்கள் சரிவைப் பாதியாக்கினால், 60 ஆம்பியர் போகும்போது 30 போவதாகச் சில்லு நினைத்துக்கொள்ளும். பாதுகாப்பு வேலை செய்ய வேண்டிய இடத்தில் செய்யாது. அதோடு இந்த ரெசிஸ்டர் வலையில், சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் ஒரு தெர்மிஸ்டரும் இருக்கும். காயிலின் செம்பு சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை 0.39 சதவீதம் ஏறும், அதை ஈடுகட்ட வைத்தது. பென்சில் கோடு அந்தக் கணக்கையும் கலைக்கும். ஆகவே இந்தக் குடும்பத்துச் சில்லு இருந்தால் கொஞ்சமாகக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சரியான ரெசிஸ்டரை எப்படி உறுதி செய்வது? கரண்டைத் துண்டித்து, டேட்டாஷீட் சொல்லும் இரு கால்களுக்கும் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் நடுவே பீப் ஒலி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் பீப் வந்தால்தான் அது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் வேறு ஏதோ ஒன்று.

சரி, தேய்க்கும் முறையைச் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ரெசிஸ்டர் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம். கறுப்பு முதுகு, இரு முனையிலும் வெள்ளி. முதுகில் 102 என்று இருந்தால் 1,000 ஓம், 01பி என்று இருந்தாலும் அதேதான். அதைவிடச் சிறிய ரெசிஸ்டர்களில் எழுத்தே இருக்காது. மீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனையையும் தொட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போர்டில் இருக்கும்போது அளந்தால் மற்ற பாதைகளும் சேர்வதால் எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம், அது இயல்பு. இந்த எண்தான் உங்கள் அடிப்படை.

பென்சிலைக் கூராகச் சீவி, ஒரு வெள்ளி முனையில் தொடங்கி மறு வெள்ளி முனை வரை முதுகின் மேல் மெதுவாக இழுங்கள். ஓரிரு இழுப்புக்குக் கறுப்பு முதுகில் எதுவும் தெரியாது. சாய்த்துப் பார்த்தால் சாம்பல் மினுமினுப்பு மட்டும் தெரியும். உடனே அளந்து பாருங்கள். முதல் சுற்றில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் போதும். பொடி பக்கத்து ரெசிஸ்டர்களின் மேல் உதிரும், அதை ஊதாதீர்கள். வாயின் ஈரம் போர்டில் படும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

இனி வருவது மறக்கக் கூடாதது. கணினியைப் போட்டதும் பயோஸுக்குப் போய் வோல்டேஜை இறக்குங்கள். சரிவு பாதியானால், முன்பு லோடில் 1.32 கிடைத்த இடத்தில் இப்போது 1.36 கிடைக்கும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடும், இதுவே 6 சதவீதம் அதிக வெப்பம். பழைய அளவோடு அப்படியே பிரைம்95 ஓடவிட்டால் பிராசசரும் விஆர்எம்மும் காய ஆரம்பிக்கும். பி35-டிஎஸ்3எல் போன்ற போர்டுகளில் விஆர்எம்மின் மாஸ்ஃபெட்டுகள் (சூடேறும் சுவிட்ச் பாகங்கள்) மேல் ஹீட்சிங்க்கூடக் கிடையாது. அங்கே ஒரு சிறிய ஃபேனைத் திருப்பி வைப்பது வீண் செலவு அல்ல.

எந்த பென்சில்?

பி எண் கூடக் கூடக் கிராஃபைட் அதிகம், களிமண் குறைவு. 2பி போதுமானது. 6பி ஒரே இழுப்பில் அளவுக்கு மீறிப் போய்விடும். பள்ளிக்கூட எச்பி பென்சிலும் வேலை செய்யும், நிறையத் தடவை தேய்க்க வேண்டும்.

எவ்வளவு குறைக்கலாம்?

பாதி. 80 இருந்தால் 40. அதற்கு மேல் ஆசைப்பட்டால் கிடைப்பதைவிட இழப்பது அதிகம். சரிவை முற்றிலும் ஒழித்தவர்கள் உண்டு, அவர்கள் போர்டும் ஓடியது. ஆனால் அவர்கள் ஒழித்தது மீட்டரில் தெரிந்த சரிவை மட்டும்.

மீட்டரில் 1.40 ஆடாமல் நிற்கிறதே. பிறகு என்ன கவலை?

மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறை சராசரியைக் காட்டும் கருவி. மேலே சொன்ன குழியும் குத்தும் மைக்ரோ விநாடிகளில் நடந்து முடிபவை. அவற்றைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும், அதுவும் முனையைச் சாக்கெட்டுக்கு மிக அருகில் வைத்து.

இதனால்தான் வினோதமான ஒன்று நடக்கிறது. சரிவை ஒழித்த பிறகு பிரைம்95 மணிக்கணக்கில் நிலையாக ஓடும். ஆனால் விளையாட்டு ஒன்றிலிருந்து வெளியே வரும்போதோ, பிரைம்95-ஐ நிறுத்தும் நொடியிலோ கணினி உறையும். தொடர்ந்த லோடில் பிரச்சினை இல்லை, லோடு மாறும் தருணத்தில்தான் பிரச்சினை. அப்படி நடந்தால் வோல்டேஜை ஏற்றிப் பயனில்லை. பென்சில் கோட்டைக் கொஞ்சம் அழித்துப் பாருங்கள். ஓவர்க்ளாக்கைச் சோதிக்கும்போதும் லோடை அடிக்கடி போட்டு நிறுத்திப் பாருங்கள்.

பிராசசர் வீணாகிவிடுமா?

65 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் வந்த கோர் 2-களுக்கு இன்டெல் கொடுத்த உச்சவரம்பு 1.55 வோல்ட். 45 நானோமீட்டர் வந்ததும் அது 1.45 ஆனது. வரம்பு என்றால் அதற்குக் கீழே எல்லாம் சுகம் என்று பொருள் இல்லை. இ8400 போன்ற 45 நானோமீட்டர் பிராசசர்களுக்கு வழக்கமான வேலைக்கு வகுத்த உச்சம் 1.3625தான்.

பயோஸில் 1.42 வைத்து, சரிவை ஒழித்து, லோடு விலகும்போது 60 மில்லிவோல்ட் மேலே குத்தினால் 1.48 ஆகிறது. மீட்டர் அதைக் காட்டாது, ஆனால் சிலிக்கான் அனுபவிக்கும். உடனே எரியாது. சில மாதம் கழித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும், பிறகு இன்னும் கொஞ்சம். 65 நானோமீட்டர் க்யூ6600 இதைத் தாங்கும் அளவுக்கு 45 நானோமீட்டர் பிராசசர் தாங்காது. அதில் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன்.

பென்சில் கோடு எத்தனை நாள் நிற்கும்?

நம்ப முடியாது. விஆர்எம்மின் சூட்டிலும் காற்றின் ஈரத்திலும் அதன் மின்தடை மெல்ல நகரும். ஃபேன் காற்றில் பொடி உதிர்ந்தால் சரிவு பழையபடி கூடும். மாதம் ஒரு முறை மீட்டரை வைத்துப் பாருங்கள். சிலர் மேலே நெயில் பாலிஷ் பூசுகிறார்கள். அது பொடி உதிராமல் காக்கும், ஆனால் பூசும்போதே கரைந்து அளவு மாறிவிடும். பூசிக் காய்ந்த பிறகு மறுபடி அளக்காமல் கணினியைப் போடாதீர்கள்.

நிலையான தீர்வு வேண்டும் என்றால்?

ட்ரிம்பாட். திருகினால் மின்தடை மாறும் சிறிய நீலப் பெட்டி, 25 சுற்று வகையைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் உதிரிப்பாகக் கடை எதிலும் கிடைக்கும். நீங்கள் அளந்த மதிப்பைப் போல 20 மடங்கு உள்ளதாகப் பாருங்கள். 1,000 ஓமுக்கு 20 கிலோ ஓம். பற்றவைக்கும் முன் அதிகபட்ச மின்தடையில் திருகி வையுங்கள். அப்போதுதான் முதல் தடவை போடும்போது சரிவு ஏறக்குறைய பழையபடியே இருக்கும். பிறகு கால் கால் சுற்றாகத் திருகிக்கொண்டே மீட்டரைப் பார்க்கலாம்.

ஒயர் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். எஃப்பி கால் மின் இரைச்சலால் எளிதில் பாதிக்கப்படும் இடம், நீள ஒயர் அங்கே ஆண்டெனாவாகிவிடும். ட்ரிம்பாட்டைச் சூடான பசையால் போர்டோடு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதன் எடையே ரெசிஸ்டரின் முனையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த இணை இணைப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒயர் ஒன்று விட்டுப்போனாலும் போர்டு பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ட்ரிம்பாட்டைப் போட்டால் அப்படி இல்லை. அங்கே ஒயர் விட்டால் கட்டுப்பாட்டுச் சில்லு குருடாகிவிடும், வோல்டேஜ் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒருபோதும் கழற்றாதீர்கள்.

சில்வர் பெயின்ட் பூசலாமா?

கூடாது. அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். 500 ஓம் வேண்டிய இடத்தில் 1 ஓம் கிடைக்கும்.

பிடிக்கவில்லை என்றால் அழிக்க முடியுமா?

முடியும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், நன்றாகக் காயவிடுங்கள், மறுபடி அளந்து முதலில் குறித்த எண் வருகிறதா பாருங்கள். பென்சில் முறையின் பெரிய வசதியே இதுதான்.

இன்றைய போர்டுகளில் இதற்கு இடம் இருக்கிறதா?

பென்சிலுக்கு இல்லை. இப்போது விஆர்எம் சில்லுகள் டிஜிட்டல். சரிவுக்கோடு ரெசிஸ்டரில் இல்லாமல் சில்லுக்குள் ஒரு எண்ணாக இருக்கிறது. பயோஸில் லெவல் 1, லெவல் 4 என்று மாற்றினால் அந்த எண் மாறுகிறது. சில நிறுவனங்களில் எண் கூடினால் சரிவு குறையும், சிலவற்றில் நேர்மாறு. கையேட்டைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஆனால் விஷயம் பழையதாகவில்லை. இன்றைய இன்டெல் போர்டுகளில் ‘ஏசி லோடு லைன்’ என்று ஒன்று உண்டு. சரிவு இவ்வளவு இருக்கும் என்று பிராசசருக்குச் சொல்வது அது. பெரிய எண்ணைச் சொன்னால், எப்படியும் சரியத்தானே போகிறது என்று பிராசசர் கூடுதல் வோல்டேஜைக் கேட்டு வாங்கும். ஏசி லோடு லைனைப் பெரிதாகவும், உண்மையான சரிவைச் சிறிதாகவும் வைத்தால் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சேரும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் நிலைகுலைந்த விவகாரத்தில் அதிக வோல்டேஜ்தான் பேசுபொருள். 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயோஸ் வழியாக வரும் பிராசசரின் உள் மென்பொருள்), பிராசசர் 1.55 வோல்டுக்கு மேல் கேட்காதபடி வரம்பு போட்டது. அந்தப் பிராசசர் வைத்திருப்பவர்கள் லோடு லைனைத் தொடும் முன் பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டில் இதைச் செய்யலாமா?

பழைய கார்டுகளில் செய்தார்கள், இதே தத்துவம்தான். இப்போதைய கார்டுகளில் ஐ2சி என்ற தகவல் இணைப்பு வழியாகக் கட்டுப்பாட்டுச் சில்லோடு பேசும் இவிசி2 போன்ற சிறு கருவியை மூன்று ஒயரால் பற்றவைத்து, கணினியிலிருந்தே சரிவுக்கோட்டை மாற்றுகிறார்கள். சில்லின் டேட்டாஷீட் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். பல சில்லுகளுக்கு வெளியில் கிடைப்பதில்லை.